நோயாளி சொன்னது

மார்ச் 4, செவ்வாய். பிற்பகல் 3.40.

நேற்று கொடுத்த வீட்டுப்பாடத்தில் ஒரு சிறு தவறு செய்திருக்கிறேன். நான் சொன்ன ஒரு வாக்கியத்தைக் கண்டக்டர் சொன்னதாக எழுதிவிட்டேன். கைதவறி நடந்தது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது உண்மையில்லை. எழுதும்போதே தெரிந்துதான் எழுதினேன்.

குழப்பிக்கொள்ளாமல் வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். பகலில் எனக்கு மனநல மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் உதவியாளர் வேலை, காலை ஏழிலிருந்து மூன்றரை வரை. மாலை ஐந்து மணிக்கு அதே வளாகத்தின் பின்கட்டடத்தில் மனநலச் செவிலியர் வகுப்பு. இடையில் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில் கேன்டீனின் மூலை மேசையில் உட்கார்ந்து இந்த நோட்டை எழுதுகிறேன். வீட்டில் முடியாது. அக்கா, மாமா, நான் மூவரும் இருப்பது இரண்டே அறை. நோட்டைத் திறந்தாலே அக்கா, "யாரைப் போட்டுக்குடுக்கப் போற, என்னையா மாமாவையா?" என்று கேட்பாள்.

வீட்டுப்பாடம் இதுதான். ஒரு நோயாளியுடன் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். பேசும்போது கையில் பேனா இருக்கக் கூடாது. பிறகு தனியே வந்து, நடந்த பேச்சை ஒரு சொல் விடாமல் நினைவிலிருந்து எழுத வேண்டும். தாளில் மூன்று கட்டங்கள்: நோயாளி சொன்னது, மாணவர் சொன்னது, மாணவர் மனதில் பட்டது. முதல் கட்டத்தில் நம் சரக்கைக் கலக்கக் கூடாது. இரண்டாவது கட்டத்தில் நம் சொந்தக் கதை வரக் கூடாது. நோயாளியே நம்மைப் பற்றி விசாரித்தாலும் பேச்சை மெல்ல அவர் பக்கம் திருப்பிவிட வேண்டும்.

நான் கண்டக்டருடன் உட்கார்ந்தேன். அவருக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் வார்டில் எல்லாருக்கும் அவர் கண்டக்டர்தான். சாப்பாட்டு வரிசையில் நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க, படிக்கட்டுல நிக்காதீங்க" என்று ஆட்களை நகர்த்துவார். இரண்டு வருடத்துக்கு முன் பல நாள் தூக்கமே இல்லாமல் கிடந்து, ஒரு மதியம் ஓடும் பேருந்தை விசிலடித்து நிறுத்தி, எதிரே இருக்கும் பாலம் விழப்போகிறது என்று சொல்லி, ஐம்பத்திரண்டு பேரையும் இறக்கிப் பாலத்தின் மேல் ஒற்றை வரிசையில் நடத்திக் கூட்டிப்போனவர். "பாலம் விழல. ஆனா ஒருத்தர்கூட வரிசை தாண்டல" என்று இப்போது அவரே சொல்லிச் சிரிக்கிறார். ஏழு மாதமாக மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறார். தூங்குகிறார். வரும் சனிக்கிழமை அவருக்கு முதல் சோதனை விடுப்பு. மூன்று நாள் வீட்டில் இருந்துவிட்டு நல்லபடியாகத் திரும்பினால், அடுத்த மாதம் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

நேற்று காலை பத்தரை மணிக்குப் பொது அறையின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அந்தச் சனிக்கிழமையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய பெண்ணுக்குப் பதினொரு வயது. அவர் இங்கே வந்ததிலிருந்து அம்மாவோடு ஒரே கட்டிலில் படுக்கிறாள். அவள் போனில் கேட்டாளாம், "அப்பா, நீ சுவர் பக்கம் படுப்பியா, கதவு பக்கம் படுப்பியா?" என்று. முன்பு எந்தப் பக்கம் படுத்தோம் என்று அவருக்கு நினைவுக்கு வரவில்லை. நான்கு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறார். சொல்லிக்கொண்டே வந்தவர், பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன தம்பி, கடைசி ட்ரிப் வண்டி மாதிரி இருக்கே. தூங்குறியா இல்லையா?"

பேச்சை அவர் பக்கம் திருப்பியிருக்க வேண்டும். ஆனால் வாய் முந்திக்கொண்டது. "சில நாள் காலையில கண்ணு முழிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது அண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, இதை யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா என்று கேட்டார். நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

எழுத உட்கார்ந்தபோதுதான் சங்கடம். அந்த வாக்கியத்தை என் கட்டத்தில் எழுதினால் வகுப்பு எடுக்கும் மேடம் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "மாணவர் தன்னைப் பற்றிப் பேசுகிறார்" என்று எழுதுவார். ஏற்கெனவே இரண்டு தாளில் அப்படி வட்டம் வாங்கியிருக்கிறேன். எழுதாமல் விட்டால், அதற்குப் பின் வந்த மௌனத்துக்குக் காரணம் இல்லாமல் போகிறது. அதனால் முதல் கட்டத்தில் எழுதினேன். உடனே மற்றதெல்லாம் தானாகப் பொருந்திவிட்டது. மௌனம் என்னுடையதாகிவிட்டது. யாரிடமாவது சொன்னீர்களா என்ற கேள்வியும் என்னுடையதாகிவிட்டது. படித்துப் பார்த்தால் நான் எழுதியதிலேயே நல்ல தாள்.

அது வெறும் களைப்பில் வந்த பேச்சு. எல்லாரும் சொல்வதுதான். இன்று வகுப்பில் தாளைத் திரும்பக் கேட்டு வாங்கி, திருத்திக் கொடுத்துவிட வேண்டும்.

மார்ச் 5, புதன். பிற்பகல் 3.45.

திருத்தவில்லை. நேற்று வகுப்புக்குள் நுழையும்போதே மேடம் என் தாளைக் கையில் வைத்திருந்தார். நோயாளியின் பெயரை மறைத்துவிட்டு, மௌனத்தை எப்படிக் கலைக்காமல் காப்பது என்பதற்கு எடுத்துக்காட்டாக, என் தாளை வகுப்பில் படித்தார். இருபத்தொரு பேர் குறிப்பெடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவன், "உனக்கு இவ்வளவு வருமாடா?" என்று முழங்கையால் இடித்தான். வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை எழுதாவிட்டால் இந்த நோட்டும் அந்தத் தாளைப் போல ஆகிவிடும்.

எனக்கு ஒரு விஷயம் உறைக்கவே இல்லை. மேடம் வகுப்பு எடுப்பவர் மட்டுமல்ல, இந்த மருத்துவமனையின் பணியாளரும்கூட. உயிருக்கு ஆபத்து என்று படுகிற எதையும் அன்றே வார்டுக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்பது அவருக்கு விதி. தெரிவித்துவிட்டார்.

இன்று காலை ஒன்பது மணி வார்டுக் கூட்டத்தில், வார்டுப் பொறுப்பிலிருக்கும் சார்ஜ் சிஸ்டர் அந்த வாக்கியத்தைப் படித்தார். நான் கதவோரம் தண்ணீர்க் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கண் முழிக்காமலே போய்விட்டால் நன்றாக இருக்கும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏழு மாதமாக நன்றாக இருக்கிறவர், வீட்டுக்குப் போக ஐந்து நாள் இருக்கும்போது, அதுவும் ஒரு மாணவனிடம் இப்படிச் சொல்கிறார் என்றால் அலட்சியம் செய்யக் கூடாது என்றார். முடிவு எடுக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. விடுப்பு ரத்து. நர்ஸ் மேசைக்கு எதிரே இருக்கும் கட்டிலுக்கு மாற்றம். பெல்ட், சவரக்கத்தி, ஷூ கயிறு எல்லாம் அலமாரிக்கு. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக் கையெழுத்து.

அந்தக் கையெழுத்துத் தாளைச் சிஸ்டர் என்னிடம்தான் கொடுத்தார். "உங்கிட்ட மனசு விட்டுப் பேசுறாரு இல்ல, நீயே பாத்துக்க" என்றார்.

10.15, கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். 10.30, அதே இடம். 10.45, கழிப்பறை, கதவு பாதி திறந்திருக்கிறது, நான் வெளியே. 11.00, டாக்டர் அறை. கதவு சாத்தியிருந்தாலும் கண்டக்டரின் குரல் கேட்டது. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று இரண்டு முறை சொன்னார். அவர் வெளியே வந்ததும் கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். "மறுக்கிறார்" என்று எழுதியிருந்தது. சொன்னதை மறைப்பதும் ஆபத்தின் அறிகுறி என்று சென்ற மாதம்தான் எங்களுக்குப் பாடம் நடந்தது. ஆமாம் என்றாலும் போக முடியாது. இல்லை என்றாலும் போக முடியாது.

11.15, கட்டில். ஷூவிலிருந்து தொங்கும் நாக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பதினைந்து நிமிடம் என்பது ஒரு வேலையைத் தொடங்கப் போதாது, மறக்கவும் போதாது. மூன்றேகால் வரை இருபத்தொரு கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றின் கீழும் என் பெயர். சிஸ்டர் தாளைப் பார்த்துவிட்டு, என் கையெழுத்து மேலே தெளிவாக இருந்து, போகப் போக எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது என்றார்.

கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். குவளையைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்திருக்கும். ஆனால் பொய்யான தாள் எழுதிய மாணவனை வகுப்பில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதைவிடப் பயம், அடுத்த கேள்வி. இது நீ சொன்னதா என்று கேட்டால், பிறகு, நிஜமாகவே தோன்றுகிறதா என்று கேட்பார்கள்.

மார்ச் 6, வியாழன். பிற்பகல் 3.35.

நேற்றைய வகுப்பை முதலில் எழுதிவிடுகிறேன். பாடம், இந்தத் தொழிலின் வரலாறு. ஆரம்பத்தில் செவிலியர் என்ற பெயரே கிடையாது. காவல்காரர்கள்தான். இடுப்பில் சாவிக்கொத்து, நாற்பது பேருக்கு ஒருவர். மேடம் ஒரு பழைய வார்டுப் பதிவேட்டின் நகலைக் கொடுத்தார். ஒவ்வொரு நாளுக்கும், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரே சொல். அமைதி. அமைதி. சத்தம். ஈரத்துணி. அமைதி. குளிர்ந்த ஈரத் துணியில் ஆளைக் கழுத்துவரை இறுகச் சுற்றி, உடம்புச் சூட்டில் அது காயும்வரை படுக்க வைப்பதுதான் ஈரத்துணி. பிறகு இன்சுலின் ஊசி போட்டு நினைவிழக்கச் செய்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பிய காலம். பக்கத்தில் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தது செவிலியர்கள்தான். அந்த ஆள் குணமானது ஊசியாலா, அல்லது வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாலா என்று பின்னாளில் கேட்கத் தொடங்கினார்களாம். அந்தக் கேள்வியிலிருந்துதான் பேச்சே மருந்து என்பதும், பேசியதை எழுதிப் பார்ப்பதும் வந்தன என்றார் மேடம்.

பதிவேட்டின் நகலில் நோயாளி சொன்ன ஒரு சொல்லும் இல்லை. பக்கம் பக்கமாகத் தேடினேன். வகுப்பு முடிந்ததும் மேடத்தின் மேசை வரை போனேன். என்ன என்று கேட்டார். தேர்வுத் தேதி எப்போது என்று கேட்டுவிட்டு வந்தேன். அது கரும்பலகையிலேயே எழுதியிருந்தது.

இன்று நடந்ததற்கு வருகிறேன்.

வியாழக்கிழமை பார்வையாளர் நேரம், இரண்டிலிருந்து மூன்று. கண்டக்டரின் மனைவி வந்தார். சலவை நிலையத்தில் வேலை செய்பவர், கைவிரல்கள் எப்போதும் வெளுத்து ஊறிப்போய் இருக்கும். விடுப்பு ரத்தான விஷயத்தை நேற்றே போனில் சொல்லியிருந்தார்கள். காரணம் சொல்லவில்லை. இன்று சிஸ்டர் தனியே கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார். அந்த அம்மா திரும்பி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்காரும்போது, நான் தாளோடு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். கண்காணிப்பில் இருப்பவரைப் பார்வையாளரோடு தனியே விடக் கூடாது. போய்விடலாம் என்றால் முடியாது.

"நிஜமா அப்படிச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நிமிர்ந்து, நேராக. என் கையில் பேனா இருந்தது. மணி 2.15.

"ஞாபகம் இல்ல" என்றார் மனைவியிடம்.

அந்த அம்மா அழவில்லை. மடியிலிருந்த பையின் வாரை மடித்து மடித்து விரித்தார். மூன்று நாளுக்காக இரண்டு பேரிடம் ஷிப்ட் மாற்றி வாங்கியதையும், மடக்குக் கட்டில் ஒன்று இரவல் கேட்டு வைத்திருப்பதையும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சொன்னேன்னு சொன்னாக்கூட எனக்குப் புரியும். ஞாபகம் இல்லன்னா நான் என்ன செய்ய? பொண்ணு இருக்கிற வீடுங்க. நான் வேலைக்குப் போன நேரத்துல அவ கண்ணு முன்னால ஏதாவது ஆச்சுன்னா?" என்றார். இன்னொரு முறை ஷிப்ட் கேட்க முடியாது என்றும், கேட்கத் தனக்குத் தைரியமும் இல்லை என்றும் சொன்னார். மூன்று மணிவரை இருக்காமல் 2.25க்கே எழுந்தார். போகும்போது என்னிடம், "நீங்க பக்கத்துலயே இருக்கீங்க இல்ல தம்பி, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

2.30க்குக் கையெழுத்துப் போட்டேன். கண்டக்டர் கட்டிலைத் தட்டி, உட்காரச் சொன்னார். நின்றேன்.

"டிக்கெட்ட என் பேர்ல போட்டுட்டு ஜன்னல் சீட்டுல நீ உக்காந்து வந்துட்டே" என்றார். சத்தமே இல்லை. எதிர்க் கட்டிலில் இருந்தவருக்குக்கூடக் கேட்டிருக்காது.

தவறிவிட்டது என்று ஏதோ சொன்னேன்.

"தவறல. நான் முப்பது வருஷமா சீட்டு எடுக்காம வர்றவன் முகத்தப் பாத்தவன். அவன் என்னைக்கும் வெளிய வேடிக்கை பாப்பான். ரெண்டு நாளா நீ சுவர வேடிக்கை பாக்குற."

அப்படியானால் டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை, அண்ணியிடமாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டதே தப்பு என்று கேட்டபிறகுதான் தெரிந்தது.

அவர் கொஞ்ச நேரம் கயிறில்லாத ஷூவைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். டாக்டரிடம், நான் சொல்லவில்லை என்று மட்டும் சொன்னாராம். யார் சொன்னது என்று சொல்லவில்லை. பைத்தியம் பிடித்தவன் பேச்சை யார் நம்பப்போகிறார்கள் என்பது ஒரு காரணம் என்றார். பிறகு இன்னொன்றைச் சொன்னார்.

"நீ அதச் சொன்ன அன்னைக்கே நான் போய் சிஸ்டர்கிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா உன் வேல போயிடும், படிப்பு போயிடும்னு வாய மூடிட்டேன். தப்பு என்னோடதும்தான். இங்க பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா என்னைப் பாக்குறாங்க தம்பி. உன்ன யாரு பாக்குறா?"

2.45 ஆகிவிட்டது. கையெழுத்துப் போட்டேன். எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்ற கட்டத்தில், கட்டில், பேசிக்கொண்டிருக்கிறார் என்று எழுதினேன். அது உண்மை.

நாளைக்கு நீயே சொல்லிவிடு, இல்லையென்றால் நான் சொல்லிவிடுவேன் என்றார். கோபமாகத்தான் சொன்னார். என் பேரைக் கெடுத்தது கூடப் பரவாயில்லை, அவள் கண்ணில் பயத்தைப் போட்டுவிட்டாயே என்றார். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. மூன்றேகாலுக்குத் தண்ணீர் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது மணி 4.10. இரண்டு முறை எழுந்து கேன்டீன் வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். வார்டு நூறு தப்படிதான். சிஸ்டர் நான்கரைக்குத்தான் போவார். இன்று வகுப்புக்குப் போகப்போவதில்லை. கால்கள் எங்கேயாவது நடக்க வேண்டும் என்கின்றன.

மார்ச் 7, வெள்ளி. மாலை 4.20.

சொல்லிவிட்டேன்.

நேற்று வளாகத்தை ஐந்து முறை சுற்றியும் வார்டுக்குள் போகவில்லை. இன்று காலை 6.40க்கு, சிஸ்டர் சாவி வாங்கும்போதே பக்கத்தில் போய் நின்றேன். ராத்திரி எழுதி வைத்திருந்த ஒரு பக்கத் தாளைக் கொடுத்தேன். வாயால் சொல்வேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அவர் நின்றபடியே படித்தார். படித்து முடித்துவிட்டு தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

நான் திட்டை எதிர்பார்த்தேன். முதலில் திட்டுதான் வந்தது. ஒரு குடும்பத்தின் மூன்று நாளை எடுத்துக்கொண்டாய், இரண்டு நாள் ஒரு மனிதனின் பெல்ட்டையும் கயிற்றையும் பறித்துவைத்தாய், தெரிந்தே அந்தத் தாளில் ஐம்பதுக்கும் மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்றார். ஐம்பத்துநான்கு, எனக்குத் தெரியும். பிறகு என்னை மருந்து அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவரும் உட்கார்ந்தார்.

"சரி. இது நீ சொன்னது. நிஜமாவே தோணுதா?"

இந்தக் கேள்விக்காகத்தான் மூன்று நாள் ஓடினேன். இல்லை சிஸ்டர், சும்மா களைப்பில் சொன்னது என்ற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

"சில நாள் தோணுது" என்றேன்.

எத்தனை நாளாக என்று கேட்டார். வகுப்பில் சேர்ந்த நான்காவது மாதத்திலிருந்து என்றேன். எப்படிச் செய்துகொள்வது என்று யோசித்ததுண்டா என்று கேட்டார், விலை விசாரிக்கிற மாதிரி சாதாரணமாக. அப்படி நேராகக் கேட்க வேண்டும் என்று எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. கேட்கப்படும்போது எப்படி இருக்கும் என்பது புத்தகத்தில் இல்லை. இல்லை, வழியெல்லாம் யோசித்ததில்லை, எழாமல் இருந்தால் போதும் என்று மட்டும்தான் என்றேன். வீட்டில் யாருக்குத் தெரியும் என்றார். ஒருவருக்கும் தெரியாது என்றேன். அவர் எழுந்து, மாத்திரைக்கு வைத்திருக்கும் சின்னக் குவளையில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். ஒரு மடக்குக்குமேல் அதில் பிடிக்காது. மூன்று முறை பிடித்துக் கொடுத்தார்.

எட்டரைக்கு டாக்டர் வந்தார். மேடமும் வந்தார். என்னை வைத்துக்கொண்டு ஒருமுறை, வெளியே அனுப்பிவிட்டு ஒருமுறை பேசினார்கள். பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டு முக்கால் மணி நேரம் பேசினார்கள். ஒரு மாணவனின் தாளை நம்பி அவருடைய வார்த்தையை நம்பாமல் விட்டதற்கு டாக்டர் அவரிடம் வருத்தம் தெரிவித்தாராம். அதற்குக் கண்டக்டர், "எங்க லைன்லயும் செக்கிங் ஏறுனா முதல்ல பயணியத்தான் சந்தேகப்படுவாங்க, விடுங்க டாக்டர்" என்றாராம். சிஸ்டர் சொன்னார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

கண்காணிப்பை எடுத்துவிட்டார்கள். விடுப்பைத் திரும்பக் கொடுத்தார்கள். ஆனால் அது வெறும் தாள்தான். அந்த அம்மா வர வேண்டுமே. சிஸ்டர் சலவை நிலையத்துக்குப் போன் செய்தார். மாற்றி வாங்கிய ஷிப்டை அந்த அம்மா இதற்குள் திரும்பக் கொடுத்துவிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டு, என்னைப் பேசச் சொன்னார் சிஸ்டர். நீ போட்ட பயம், நீயே எடு என்றார்.

பின்னணியில் இயந்திரங்கள் ஓடும் சத்தம், அதனால் ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். அண்ணன் அதைச் சொல்லவில்லை, சொன்னது நான், அவர் பேரில் எழுதியதும் நான் என்றேன். அந்த அம்மா யாரிடமோ ஒரு இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். பிறகு, "அப்ப ஏன் அவரு ஞாபகம் இல்லன்னாரு?" என்று கேட்டார்.

எனக்காக என்றேன்.

"உங்களுக்காக" என்றார் அந்த அம்மா. கேள்வியா, திட்டா என்று தெரியவில்லை. "அவருக்கு இது ஒரு வியாதிங்க. ஊர்ல இருக்கிறவங்கள எல்லாம் பாலம் தாண்டிக் கூட்டிட்டுப் போகணும்." பிறகு சிஸ்டரிடம் பேசினார். மூன்று நாளும் முடியாது, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கிடைக்கும், சனிக்கிழமை மாலை வந்து கூட்டிப்போய்த் திங்கள் காலை கொண்டுவந்து விடுகிறேன் என்றார். மூன்று நாள் இரண்டு இரவாகக் குறைந்தது. குறைந்ததற்குக் காரணம் நான். சிஸ்டர் அதைச் சுட்டிக்காட்டவில்லை. சுட்டிக்காட்டியிருக்கலாம்.

என்னைப் பற்றி முடிவு இது: மருத்துவரைப் பார்த்து அவர் சரி என்று எழுதித் தரும்வரை வார்டுக்குள் வரக் கூடாது. வகுப்பைப் பற்றி மேடம் பிறகு சொல்வார். பொய்த் தாள் ஒழுங்குக் குழுவுக்குப் போகும். என்னுடைய விஷயம் அங்கே போகாது, அது வேறு, இது வேறு என்று மேடம் இரண்டு முறை சொன்னார். வெளிநோயாளர் பிரிவில் வேறு ஒரு டாக்டரிடம் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை தனியாக இருக்கக் கூடாது, வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சிஸ்டர் நிபந்தனை போட்டார். தன் முன்னாலேயே அக்காவுக்குப் போன் செய்யச் சொன்னார். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, வழக்கம்போல ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். "அங்கயே இரு. எங்கயும் நகராத" என்று மட்டும் சொன்னாள். அரை மணி நேரத்தில் ஆட்டோவில் வந்துவிட்டாள், வீட்டுச் செருப்போடு. இப்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுதுவதைப் பார்க்கிறாள், எட்டிப் பார்க்கவில்லை.

கிளம்பும் முன் கண்டக்டரைப் பார்க்கப் போனேன். வாசலிலிருந்தே. உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை. அவர் பழைய கட்டிலுக்குத் திரும்பிவிட்டார். கால்மேல் கால் போட்டு ஷூவில் கயிறு கோத்துக்கொண்டிருந்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன்.

"இன்னும் இல்ல" என்றார், கயிற்றை விட்டுக் கண்ணெடுக்காமல். "திங்கக்கிழம வந்தப்புறம் பாக்கலாம். நாளைக்கு டாக்டரப் பாக்கப் போறியா?"

போகிறேன் என்றேன்.

"அவரு கேக்குறதுக்கு உன் வாயால பதில் சொல்லு. எதிர்ல நிக்கிறவன் பேர்ல எழுதாத."

சரி என்றேன். போகச் சொல்லிக் கையை அசைத்தார். படுக்கும் பக்கம் நினைவுக்கு வந்ததா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கேட்கும் இடத்தில் நான் இல்லை.

இதை எழுதும்போதும் இரண்டு முறை அடித்து எழுதினேன். சிஸ்டர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலை, இன்னும் கொஞ்சம் தைரியமாகச் சொன்னதுபோல எழுதிவிட்டு, பிறகு உள்ளபடி மாற்றினேன். கை இன்னும் பழைய கைதான். அக்கா, போலாமா என்று கேட்கிறாள்.

நாளை: காலை 7.30க்கு வெளிநோயாளர் கவுன்டர் திறக்கிறது, அக்காவோடு 7.15க்கே போய் நிற்க வேண்டும். அடையாள அட்டை, இன்று சிஸ்டரிடம் கொடுத்த தாளின் நகல். ஆறாம் எண் அறை.